வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டிய வலி

தர்மபுரிக்கு நான் போனது வலியைக் காட்ட. போனபோது வலி இல்லை. அதுதான் தொல்லை.

உலகச் சண்டை நடந்த காலம். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் நிலமும். எனக்குக் கலியாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்குத் தூரம் என்று மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் குடிசையில் ஒதுங்கியிருப்பேன். ஊரில் எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான். மற்றப் பெண்கள் அந்த மூன்று நாளை ஓய்வு என்பார்கள். நான் தரையைப் பிறாண்டிக்கொண்டு கிடப்பேன். ஈரத் துணியைப் பிழிவது போல் வயிற்றுக்குள் பிழியும். முதுகும் தொடையும் கூடவே இழுக்கும். சில மாதம் வாந்தி. நாலாம் நாள் குளித்துவிட்டு வீட்டுக்குள் வரும்போது நிமிர்ந்து நடக்கிற அளவுக்கு ஆகிவிடும்.

ஆகவே வீட்டில் ஒருவரும் என் வலியைப் பார்த்ததில்லை. தூரமானவளை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். களியையும் தண்ணீரையும் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"களை வெட்டற நாளாப் பாத்து இவளுக்கு வயிறு வலிக்கும்" என்பார் அத்தை, என் மாமியார். ஊரெல்லாம் சொன்னார்.

பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். தூரமான நாளில் பஸ் ஏறக்கூடாது. குளித்த பிறகுதான் போகலாம். டாக்டர் வயிற்றை அமுக்கி, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். "போன வாரமுங்க" என்றேன். பூச்சிக்கு மருந்து கொடுத்தார்.

பிறகு ஒரு சேதி வந்தது. தர்மபுரியில் பெண்களுக்கென்று ஒரு மருந்து வீடு இருக்கிறது, செவ்வாயும் வெள்ளியும் சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார் என்று. போகிறேன் என்றேன். அத்தை ஒரு நிபந்தனை போட்டார். தன் மகள், என் நாத்தனார் முனியம்மா கூட வர வேண்டும். டாக்டரம்மா சொல்வதைக் காதால் கேட்டு வந்து சொல்ல வேண்டும்.

"அந்தம்மாவும் ஒண்ணுமில்லன்னு சொன்னா இங்க வராத. நேரா கடத்தூருக்கு பஸ்ஸு ஏறிக்க" என்றார். கடத்தூர் என் தாய்வீடு. என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

கணக்குப்படி எனக்குச் செவ்வாய்க்கிழமை வர வேண்டும். குடிசைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைப்பேன், ஒரு நாள் தப்பாது. முன்னாலேயே போய்க் காத்திருந்து, வந்தவுடன் காட்டிவிடுவது என்று திட்டம். திட்டத்தை முனியம்மா அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்திருக்க மாட்டார்.

திங்கட்கிழமை கிளம்பினோம். எங்கள் பக்கம் ஓடிய சின்ன ரயிலின் தண்டவாளத்தைச் சண்டைக்கு வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். இருந்தது கரி பஸ் ஒன்றுதான். பெட்ரோல் கிடையாது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பீப்பாய். அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். கிளீனர் பெரிய மனிதர், நரைத்த மீசை. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று விட்டார். அரை மணி நேரம் சுற்றினார். பஸ் இருமியது.

பாலக்கோட்டுக்கு முன்னால் ஒரு மேடு. பஸ் நின்றுவிட்டது. ஆம்பிளைகளை இறங்கித் தள்ளச் சொன்னார்கள். பக்கத்தில் கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கன்னடத்தில், "என் கழுதையே இதுக்கு மேல். அது மேட்டுல நின்னா நான் இறங்கித் தள்ள வேண்டியதில்லை" என்றார். அண்ணி சிரித்துச் சிரித்து வெற்றிலைச் சாறு தாவணிப் பெண் ஒருத்தி மேல் தெறித்து, அதற்கு ஒரு சண்டை. நாற்பது வயது அண்ணிக்கு. சண்டை இல்லாமல் ஒரு பயணமும் போனதில்லை.

தர்மபுரியில் சந்தைக்குப் பின்னால் அண்ணியின் கொழுந்தனார் வீடு. ஒரே அறை, ஒரு அடுப்படி. அவர் மனைவி ராமாயி நன்றாகத்தான் வரவேற்றார். நெல்லுச் சோறு, அவரைக்காய்க் குழம்பு. அரிசி அளந்து கொடுக்கிற காலத்தில் அது பெரிய மரியாதை.

"எத்தினி நாளுங்க அண்ணி?" என்றார்.

"நாளைக்கி டாக்டரப் பாத்துட்டு, மக்யா நாளு கிளம்பிடுவோம்" என்றார் அண்ணி.

ஒதுங்க அந்த வீட்டில் இடமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எனக்கு வர வேண்டியது வந்தால் அந்த வீட்டில் இருக்கக்கூடாது. வராவிட்டால் டாக்டரிடம் காட்ட ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. வரவில்லை. பதினாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்தது, அன்றைக்கு வரவில்லை.

மருந்து வீட்டில் கூட்டம். பிள்ளைத்தாய்ச்சிகள்தான் அதிகம். வெள்ளைப் புடவை நர்ஸ் பெயர் கேட்டு, "இப்ப வலி இருக்கா?" என்றார்.

"இல்லைங்க."

"எப்ப இருக்கும்?"

"இன்னிக்கி இருக்கணுமுங்க."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டாக்டரம்மா சின்ன உருவம், மூக்குக் கண்ணாடி. வயிற்றை அமுக்கினார், கேள்வி கேட்டார். "இப்ப கையில ஒண்ணும் தெரியலையே. வலி இருக்கும்போது வாம்மா."

"அப்ப தூரமுங்க."

"அதனால என்ன? அப்பத்தான் வரணும்."

அப்படி ஒரு வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் ஆரம்பித்தார்.

"தூரமானவள ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுது. என்னா படிப்போ! அதுதான் ஒண்ணும் தெரியலன்னுடுச்சே. கிளம்பு."

"தெரியலன்னாங்க. இல்லன்னு சொல்லலைங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்க அண்ணி."

"வெள்ளிக்கப்புறம்?"

"கடத்தூருக்கு நானே பஸ் ஏறிக்கிறேன்."

அண்ணி பாக்கை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். கடைசியில் "வெள்ளி மத்தியானம் வரைக்கும்" என்றார்.

புதன்கிழமை. வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சாமி கும்பிட்ட காலமெல்லாம் வந்தது. வா வா என்று கூப்பிட்டால் வரவில்லை. எள்ளும் வெல்லமும் சூடு, தின்றால் வந்துவிடும் என்பார்கள். சந்தையில் வாங்கி இடித்து உருண்டை பிடித்துத் தின்றேன். மூன்று உருண்டை. பிறகு ஒரு பப்பாளி. வயிறு உப்பியதுதான் மிச்சம்.

ராமாயி பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்குங்க இவ்வளவு எள்ளு?"

"பிடிக்கும்" என்றேன்.

அன்றைக்கு நெல்லுச் சோறு இல்லை. சாமைச் சோறு. ராத்திரிக்குக் கேழ்வரகுக் கூழ். எங்கள் வீட்டுக் கூழில் மோர் இருக்கும். இதில் மோரின் வாசனைதான் இருந்தது. அண்ணி குனிந்து சட்டிக்குள் பார்த்து, "ராமாயி, கூழுல என் மொகம் தெரியுது" என்றார்.

"தெரியட்டுங்க அண்ணி. ரெண்டு நாளுன்னு சொன்ன மொகந்தான?" என்றார் ராமாயி.

வியாழக்கிழமை காலையில் ராமாயிக்கு ஒரு யோசனை தோன்றியது. பென்னாகரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். கையைப் பிடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் சொல்லிவிடுவாராம். எங்களை வெளியேற்றத்தான் சொன்னார். ஆனால் அண்ணிக்குப் பிடித்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு பஸ், காலையில் போகும். மறுநாள் காலையில் திரும்பும். வெள்ளி மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்றார் அண்ணி. எனக்கு இஷ்டமில்லை. இருந்தும் போனேன், அந்த வீட்டில் இன்னொரு நாள் உட்கார முடியாது.

அந்த பஸ் இரண்டு இடத்தில்தான் நின்றது. அதை நல்ல பஸ் என்றே சொல்ல வேண்டும்.

வைத்தியர் வீட்டு முற்றத்தில் வேர்களும் பட்டைகளும் காய்ந்தன. பொம்பிளை கையை நேராகத் தொட மாட்டாராம். என் மணிக்கட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதன் மேல் விரலை வைத்தார். கண்ணை மூடினார். "உஷ்ணம்" என்றார். "லேகியம் தரேன். ஆனா ஒண்ணு, தூரமான நாளுல இந்தப் பக்கம் வரக்கூடாது. மருந்து செத்துடும்."

"வலி அப்பத்தாங்க வருது" என்றேன்.

"அது போனப்புறம் வா."

அவர் லேகியத்தை வாழைச் சருகில் வைத்துக் கொண்டிருந்தார். அப்போது வந்தது.

இரண்டு நாள் தாமதம். வந்த இடம் அது. முதலில் முதுகு. பிறகு பிழிய ஆரம்பித்தது. முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன். வைத்தியர் புரிந்துகொண்டார். லேகியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினார்.

"வெளிய போங்க! வெளிய! பட்டையெல்லாம் காயுது!"

"நோவு கண்ணுக்கு முன்னால இருக்குது, கண்டுபிடிக்கிறவரு உள்ள ஓடுறாரே" என்றார் அண்ணி. ஆனால் அவரும் என்னைத் தொடவில்லை. நாலடி தள்ளி நடந்தார். நான் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.

சத்திரத்தில் விடவில்லை. ஊர்க் கோடியில் ஒரு கிழவர் காலி மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். இரவு அங்கே. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வைக்கோலைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அண்ணி முதலில் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பிறகு கொஞ்சம் கிட்டே வந்தார். விடியும்போது என் தலை அவர் மடியில் இருந்தது. எப்போது தொட்டார் என்று எனக்குத் தெரியாது.

"எல்லா மாசமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்கம்மாகிட்டச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேங்க. ஏழு வருஷமா."

அண்ணி என் முகத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை முந்தானையால் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை. டாக்டரம்மா மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். பஸ் எட்டு மணிக்கு வர வேண்டும், ஒன்பதுக்கு வந்தது. புடவையைச் சுருட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினேன். தூரமாக இருக்கும்போது பஸ் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. இண்டூருக்கு முன்னாலேயே பட்டென்று ஒரு சத்தம். பீப்பாயிலிருந்து வரும் குழாய் வெடித்துவிட்டது. எல்லாரும் இறங்கினோம். கிளீனர் சணலும் களிமண்ணும் வைத்துக் கட்டப் பார்த்தார். நான் புளிய மரத்தடியில் சுருண்டு படுத்துக்கொண்டேன்.

மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார். "தூரமானவளா? அதான பாத்தேன். இவ ஏறித்தான் பஸ்ஸு நின்னுடுச்சு."

பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். போன வாரமாக இருந்தால் அண்ணியே அதைச் சொல்லியிருப்பார். அன்றைக்கு அவர் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தார்.

"திங்கக்கிழமையும் பாலக்கோட்டுகிட்ட இதே மாதிரி பஸ்ஸு நின்னுச்சு. அன்னிக்கி யாரு தூரம்? உம் மாமியாளா?"

கிளீனர் குழாயை விட்டுவிட்டுச் சிரித்தார். "தினமும் நிக்குதும்மா. தினமும் ஒருத்தரு தூரமா இருக்க முடியுமா?" என்றார். மஞ்சள் புடவை அம்மாள் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பதினோரு மணி ஆகியிருக்கும். குழாய் ஒட்டவில்லை. அப்போது ஒரு மாட்டு வண்டி வந்தது. மேலே மூட்டை மூட்டையாகக் கரி. அண்ணி நடு ரோட்டில் நின்று மறித்தார்.

"எங்க போவுது?"

"தர்மபுரிக்குங்க. பஸ்ஸுக்காரங்களுக்குக் கரி."

"எங்களையும் ஏத்திக்க. ஆனா முன்னாலயே சொல்லிடறேன், இவ தூரம்."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். "கரிக்கு ஏதுங்க தீட்டு? எல்லாம் எரிஞ்சு முடிஞ்சதுதான். ஏறுங்க" என்றார்.

மூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. பஸ்ஸுக்குப் போகிற கரியின் மேல் படுத்து, பஸ்ஸைப் பின்னால் விட்டுவிட்டுப் போனோம். வழியெல்லாம் அண்ணி வண்டிக்காரரை விரட்டினார். "மாட்டை ஓட்டறியா, தாலாட்டறியா?"

"வேகமாப் போனா அந்தப் பொண்ணுக்கு வலிக்குங்க. மெதுவாப் போனா நீங்க திட்டறீங்க. நான் என்னா பண்ண?" என்றார் அவர்.

தர்மபுரி சேரும்போது இரண்டரை மணிக்கு மேல். மருந்து வீட்டு வாசலில் ஜட்கா வண்டி நின்றது. டாக்டரம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அன்றைக்கு நேரமாகியிருந்தது, ஒரு பிரசவம் இழுத்துவிட்டதாம். அந்த ஒன்றுதான் அந்த வாரத்தில் எனக்குச் சாதகமாக நடந்தது.

நர்ஸ் கையை நீட்டித் தடுத்தார். "முடிஞ்சுது. செவ்வாக்கிழமை வாங்க."

அண்ணி தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். "செவ்வாக்கிழமைக்கு வலி இருக்காது தாயி! நோவு இப்ப இருக்குது. இப்பப் பாருங்க!"

டாக்டரம்மா ஜட்காவிலிருந்து இறங்கினார். எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். முகம், கை, புடவை எல்லாம் கரி. "எங்கேயிருந்தும்மா வரீங்க, சுரங்கத்திலிருந்தா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

வெள்ளை விரிப்பில் படுக்கத் தயங்கினேன். "படு. துணி துவைக்கத்தான்" என்றார். இந்தத் தடவை கை வைத்த இடமெல்லாம் வலித்தது. எந்தப் பக்கம் அதிகம், எந்த வயசில் ஆரம்பித்தது, வெளிக்குப் போகும்போது வலிக்கிறதா என்றெல்லாம் கேட்டார். அண்ணியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரோடு இருக்கும்போது வலிக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அதை யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார். நீளமான பெயர். எனக்கு நாக்கில் நிற்கவில்லை. பிறகு தமிழில் சொன்னார். கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு சிலருக்கு வெளியேயும் ஒட்டிக்கொண்டு வளருமாம். மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசியும். அதற்குப் போக வழியில்லை, உள்ளேயே புண்ணாக்கும். "வயித்தத் திறந்து பாத்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும். ஆனா அதுதான்னு நான் நினைக்கிறேன்."

"குணமாவுமாங்க?"

"ஆகும்னு பொய் சொல்ல மாட்டேன். மதராஸில ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம், அதுக்கப்புறமும் திரும்ப வரலாம். குறைச்சுக்கலாம்."

ஏழு வருஷத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எரிச்சலாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரம் கரி மூட்டையில் வந்தது இதற்கா என்று. ஆனாலும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மாத்திரை கொடுத்தார். வலி முற்றும் வரை காத்திருக்காமல் ஆரம்பத்திலேயே போட வேண்டும். ஈரத் தரையில் படுக்கக்கூடாது. முதல் இரண்டு நாள் எந்த வேலையும் கூடாது. ஒரு காலி மருந்து பாட்டிலைக் கழுவித் தக்கையோடு கொடுத்து, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றித் துணி சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார், வலியோடு.

அண்ணி கதவோரம் நின்று கேட்டார். "அப்ப நெசமான நோவு தானுங்களா?"

"கூடவே வந்தீங்களே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க" என்றார் அண்ணி. "நேத்தியிலருந்து."

ராமாயி வீட்டுக்குப் போகவில்லை. மருந்து வீட்டுக் கூடத்திலேயே நர்ஸ் இடம் கொடுத்தார். சனிக்கிழமை பஸ் ஏறினோம். கடத்தூர் பஸ் பக்கத்திலேயே நின்றது. அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் கையைப் பிடித்து மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏற்றினார்.

அத்தை களத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுப் பக்கம் போகாமல் நேராகக் குடிசைக்குப் போனேன். பேச்சு காதில் விழுந்தது.

"டாக்டரு என்னா சொல்லிச்சு?"

"நான் பாத்தேம்மா."

"டாக்டரு என்னா சொல்லிச்சுன்னு கேட்டேன்."

"அது சொன்னதுல பாதி எனக்கு வெளங்கல. நான் பாத்தேன்னு சொல்றேன்ல. வைக்கோலக் கடிச்சுக்கினு கிடந்தா."

முறம் நின்றது. "தொட்டியா அவள?"

"தொட்டேன். மடியில படுக்க வச்சுக்கினேன். கடத்தூருக்கு அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பு. இல்லன்னா ரெண்டு குடம் தண்ணி எடுத்து வை, தலைக்கு ஊத்திக்கணும்."

பிறகு முறம் மறுபடி ஆரம்பித்தது.

அடுத்த மாதம் கோடு போட்டு வைத்த நாளிலேயே வந்தது. குடிசையில் கயிற்றுக் கட்டில் கிடந்தது. என் வீட்டுக்காரர் போட்டதாம். மத்தியானம் வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அத்தை. உள்ளே வரவில்லை. குனிந்து பார்த்தார். நான் கிடந்த கிடையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துணி சுற்றிய பாட்டிலைத் தரையில் வைத்து, மாடு ஓட்டுகிற கோலால் உள்ளே தள்ளிவிட்டார். தொடக்கூடாதே.

பாட்டில் உருண்டு வந்து கட்டில் காலில் முட்டி நின்றது. எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டேன். தக்கையைச் சரியாக அடைக்கவில்லை. பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விட்டது. மீதிப் பாதி சூடாக இருந்தது.